மெரின் ஏன் சொல்லவில்லை

மேரிசாந்தி தன் வாழ்நாளில் ஒரு ஆங்கில நாவலும் வாசித்ததில்லை. ஆனால் இந்த மூன்று வாரமாக அவள் ஒரு நாவலைக் காதால் வாசித்துக்கொண்டிருந்தாள். அதுகூட முழுக் கதை இல்லை. கதையில் வரும் மெரின் என்ற பெண்ணுக்கு விழுந்த திட்டுகள் மட்டும்தான்.

திட்டியது மகள் பெனிற்றா. திட்டுகள் போய்ச் சேர்ந்த இடம் மன்னார், மேரிசாந்தியின் தங்கை மெற்றில்டாவின் போன். அங்கிருந்து அவை திரும்பி லண்டனுக்கு வந்து, ஒரு முதியோர் இல்லத்தின் துணி தோய்க்கும் லோன்றி அறையில், ஈரப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நிற்கும் மேரிசாந்தியின் காதுக்குள் விழுந்தன. ஒரே வீட்டில் இருக்கும் தாயும் மகளும் கதைத்துக்கொள்வதற்கு இந்துமா சமுத்திரம் வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. காரணம், மெற்றில்டா உயிரோடு இல்லை. பெனிற்றாவுக்கு அது தெரியாது.

மெற்றில்டா மன்னாரில் இங்கிலிஸ் ரீச்சர். கலியாணம் கட்டவில்லை, தமையன் வீட்டில் இருந்தாள். மே மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து, தேத்தண்ணி குடித்து, சற்றுச் சாய்ந்து படுத்தவள் எழும்பவில்லை. இருதயம் என்றார்கள். செய்தி வந்தபோது பெனிற்றா ஏ லெவல் முதல் பேப்பர் எழுதப் போயிருந்தாள். மேரிசாந்தியின் கணவன் எட்வேட் போனை வைத்த கையோடு சொன்னது ஒரே ஒரு வசனம்.

"சோதினை முடியட்டும். பிறகு சொல்லுவம்."

இதில் எட்வேட்டைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. நம்முடைய ஆட்கள் எல்லாரும் செய்வது இதுதான். சோதனை எழுதும் பிள்ளைக்குச் சாவுச் செய்தி சொல்ல மாட்டோம். விமானம் ஏறுகிறவனுக்குச் சொல்ல மாட்டோம். பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகாதவளுக்குச் சொல்ல மாட்டோம். யார் விதித்த சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மீறியவரை ஊர் சும்மா விடாது. பெனிற்றாவுக்குப் பார்மசி படிக்க இடம் கிடைத்திருந்தது, மூன்று பாடமும் நன்றாக வந்தால். சித்தி என்றால் அவளுக்கு உயிர். சொன்னால் பிள்ளை பேனையைத் தொடாது என்பதில் மேரிசாந்திக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆகவே மேரிசாந்தி மன்னாருக்குப் போகவில்லை. போனால் பிள்ளை கேட்பாள். கூடப் பிறந்தவளின் அடக்கத்தை லோன்றி அறையில், உலர்த்தும் மெஷினுக்கு மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். பெட்டியை மூடும் நேரத்தில் மனேஜர் வந்து தலையணை உறைகள் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய்ப் புட்டு அவித்தாள். அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. வீங்கிய கண்ணோடு வீட்டுக்குள் நடமாட முடியாதே.

பெரிய சிக்கல் புத்தகத்தால் வந்தது.

பெனிற்றாவின் பன்னிரண்டு வயதிலிருந்து அவளும் சித்தியும் ஒன்றாக வாசிக்கிறவர்கள். பெனிற்றா எந்தப் புத்தகம் வாங்கினாலும் இரண்டு பிரதி வாங்குவாள். ஒன்று தபாலில் மன்னாருக்குப் போகும். வாசிக்க வாசிக்க இருவரும் குரல் செய்தி அனுப்பிக்கொள்வார்கள். பெனிற்றா தமிழில்தான் சொல்ல வேண்டும், சித்தி ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அது சித்தி போட்ட நிபந்தனை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆறு வருடத்தில் செய்யாததை மெற்றில்டா இந்த ஒரு நிபந்தனையால் செய்து முடித்திருந்தாள்.

இந்தத் தடவை வாங்கியது சுவர் எழுப்பிய ஒரு நகரத்தைப் பற்றிய தடித்த புத்தகம். உள்ளே இருப்பவர்கள் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே வர முடியாது. சுவரைத் திருத்தும் வேலை மெரினுக்கு. லூக்கன் என்ற பெடியன் தினமும் மாலையில் சுவரில் உள்ள ஒரு குழாயின் வாயில் வந்து நின்று, வெளியே இருக்கும் தன் தாயோடு கதைப்பான். தாய் பேசக் கூடாது, பேசினால் காவல்காரர் பிடிப்பார்கள். கேட்கிறேன் என்பதற்கு அடையாளமாகக் குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவாள். கதை தொடங்கிக் கொஞ்சத்தில் தாய் செத்துப்போகிறாள். அது மெரினுக்குத் தெரியும். அவள் லூக்கனுக்குச் சொல்லவில்லை. அவன் மனம் உடையக் கூடாதென்று மறைந்து நின்று அந்த இரண்டு தட்டையும் தானே தட்டத் தொடங்குகிறாள்.

மெற்றில்டா போன முதல் வாரத்தில், சித்தியின் போன் உடைந்துவிட்டது என்று வீட்டில் பொய் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்த நாட்களில், பெனிற்றா கோப்பை கழுவும் தாய்க்குப் பக்கத்தில் நின்று இந்தக் குழாய்க் கதையைச் சொன்னாள். "எவ்வளவு கேவலம் பாருங்கோ அம்மா," என்றாள். மேரிசாந்தி பார்த்தாள். அவளுக்குக் கேவலமாகத் தெரியவில்லை, வழியாகத் தெரிந்தது.

அடுத்த நாளே சித்திக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு மாதத்துக்குக் கதைக்கக் கூடாது, எழுதவும் உடம்புக்கு ஏலாது, கேட்க மட்டும் ஏலும். மெற்றில்டாவின் போன் மன்னாரில் தமையன் மகன் றொஜனின் கையில் இருந்தது. செய்தி வந்தால் ஒரு கட்டைவிரல், அல்லது ஒரு சிவப்பு இதயம். அவ்வளவுதான் அவன் வேலை. ஆனால் பெடியன் இரண்டாம் நாளே மேரிசாந்திக்குப் போன் எடுத்துவிட்டான்.

"மாமி, அவ சித்தியோட கதைக்கிறதை நான் கேக்கிறது சரியில்லை. என்னால ஏலாது. உங்களுக்கு அனுப்பிறன். நீங்க கேட்டு என்ன போடுறது எண்டு சொல்லுங்கோ."

இப்படித்தான் மேரிசாந்தி மெரினின் கதைக்குள் நுழைந்தாள்.

பெனிற்றாவுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்தான் வாசிக்க அனுமதி. அது எட்வேட்டின் கட்டளை. அந்தப் பத்துப் பக்கத்துக்கு ஐந்து நிமிடம் திட்டு வரும்.

"சித்தி, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். இன்னும் சொல்லேல்லை! இவளுக்கு வாய் இல்லையோ? அவன் முன்னாலதான் நிக்கிறான். நாலு சொல்லு, நாலே நாலு சொல்லுத்தான் வேணும். இவ என்ன செய்யிறா? தலைமயிரைச் சப்பிக்கொண்டு போய்க் குழாயில தட்டுறா. ஒன்லைன்ல எல்லாரும் ஒரு ஸ்டார்தான் போட்டிருக்கினம். ஒராள் புத்தகத்தைக் குளிக்கிற தொட்டிக்குள்ள எறிஞ்சவவாம். நான் எறியமாட்டன், உங்களிட்டயும் இதே புத்தகம் இருக்கெண்டதால."

மேரிசாந்தி மெஷினுக்குள் துணியைத் திணித்தபடி கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தது. மெரின்மேல் இல்லை, இந்த ஒரு ஸ்டார்க்காரர்கள்மேல். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு வாசிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? சுவருக்குக் கீழே குளிருக்குள் நின்று தட்டுகிறவள் அவள். நாலு சொல்லுத்தானாம். நீ வந்து சொல்லிப் பார். அந்தப் பிள்ளைக்காக வாதாட உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தாள். அவளோ வாயைத் திறக்க முடியாமல் லோன்றியில் நின்றாள்.

"மாமி, என்ன போட?" என்று றொஜன் எழுதியிருந்தான்.

"சிரிக்கிற முகம் போடு," என்று பதில் எழுதினாள். பெனிற்றா பகிடியாகத் திட்டினால் மெற்றில்டா சிரிப்பாள். தங்கை எதற்குச் சிரிப்பாள், எதற்கு இதயம் போடுவாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். செத்தவளின் சிரிப்பைத் தூரத்தில் இருந்து ஏற்பாடு செய்துவிட்டு அவள் அடுத்த கூடையைத் தூக்கினாள். முதுகு வலித்தது. வீட்டுக்குப் போய் ஒரு கிழமை நித்திரை கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அன்றிரவுச் சாப்பாட்டில் ஒரு பிழை விட்டாள். பெனிற்றா மேசையிலும் மெரினை விடவில்லை. உலகத்திலேயே விசர் பிடிக்க வைக்கும் கதாநாயகி இவள்தான் என்றாள். மேரிசாந்திக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கும் ஏலாதுதானே. தலைமயிரைச் சப்பாமல் வேற என்ன செய்யும்?"

பெனிற்றா கையில் எடுத்த சோற்றைக் கோப்பையில் வைத்தாள். "மெரின் தலைமயிர் சப்பிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எட்வேட்டின் கால் மேசைக்குக் கீழே மேரிசாந்தியின் காலைத் தேடி வந்து மிதித்தது. ஆள் பஸ் ஓட்டுகிறவர், பிரேக் மிதித்துப் பழகிய கால்.

"நீதானே சொன்னனீ," என்றாள் மேரிசாந்தி.

"சொன்னனானா?"

"சொல்லாமல் எனக்கு எப்பிடித் தெரியும்? சாப்பிடு, குழம்பு ஆறுது."

பெனிற்றா சாப்பிட்டாள். ஆனால் தாயின் முகத்தை இரண்டு தரம் பார்த்தாள். மேரிசாந்தி கேட்காமலே அவளுக்கு இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினாள்.

ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்தை ஒரு ஆளுக்கு மட்டும் மறைப்பது லேசான வேலை இல்லை. ஃபாரஸ்ட் கேட் கத்தோலிக்கக் கோயிலுக்கு வரும் தமிழ்ச் சனம் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, பாட்டுக்குழு மரியநாயகி பெனிற்றாவைக் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டுவிட்டாள். பெனிற்றா திகைத்து நிற்க, "படிச்சுப் படிச்சுப் பிள்ளை மெலிஞ்சு போச்சு," என்று அழுதவளே சமாளித்தாள். சோதினைக்கு மெலிந்த பிள்ளைக்காகக் கண்ணீர் விட்ட முதல் ஆள் மரியநாயகியாகத்தான் இருக்கும்.

அந்த மரியநாயகிதான் அடுத்த சிக்கலையும் கொண்டுவந்தாள். முப்பத்தோராம் நாள் பூசை வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு. பெனிற்றாவின் கடைசிப் பேப்பர் வெள்ளிக்கிழமை காலை. "ஒரு நாள்தானே வித்தியாசம், பூசையைத் தள்ளிப் போடுவமா?" என்று கேட்டாள். எட்வேட் வேண்டாம் என்றார். மன்னாரில் அதே நாள் பூசை நடக்கிறது, நாளை மாற்றக் கூடாது. பிள்ளை வீட்டில் இருந்து படிக்கட்டும். வெள்ளி பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் வைத்துச் சொல்லலாம். மேரிசாந்திக்கு விவாதிக்கத் தெம்பு இல்லை. ஆனால் வியாழக்கிழமை நெருங்க நெருங்க அவளை ஒரு கேள்வி விடாமல் அரித்தது. இந்தப் பூசைக்கு வரவேண்டிய முதல் ஆள் யார்?

வியாழக்கிழமை வேலை முடிந்து, எக்ஸ்ட்ரா ஷிப்ட் என்று மகளுக்கு ஒரு பொய்யை அனுப்பிவிட்டு, எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள். பையில் ஒரு கறுத்த சட்டை, மடித்து வைத்த ஒரு முக்காடு. கோயில் கழிப்பறையில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ் இல்ஃபோர்டைத் தாண்டியபோது போன் அதிர்ந்தது. றொஜன்.

"மாமி, இதுக்கு என்ன போடுறது எண்டு எனக்குத் தெரியேல்லை."

அதற்குக் கீழே பெனிற்றாவின் குரல். இந்தத் தடவை கத்தவில்லை.

"சித்தி, முடிச்சிட்டன். பத்துப் பக்கம் எண்ட கதையெல்லாம் இல்லை, அப்பாக்குச் சொல்லாதீங்கோ. வெளியில இருக்கிற ஆக்கள் செத்தவைக்காக வருசத்தில ஒரு நாள் விளக்குக் கொளுத்துவினம். அண்டைக்கு மட்டும் உள்ள இருக்கிற எல்லாரையும் சுவருக்கு மேல ஏறிப் பார்க்க விடுவினம். லூக்கனும் ஏறி நிக்கிறான். 'வடிவா இருக்கு' எண்டு சொல்லுறான், சித்தி. அதில ஒரு விளக்கு அவன்ர அம்மாக்கு. மெரின் பக்கத்தில நிக்கிறா. அப்பவும் சொல்லேல்லை. அடுத்த நாள்தான் சொல்லுறா."

சற்று மூச்சு. பின்னால் அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் கேட்டது.

"இவ்வளவு நாளும் பொய் சொன்னதுக்காக நான் ஏசினன். அது பரவாயில்லை எண்டு இப்ப நினைக்கிறன். பயத்தில சொன்ன பொய்தானே. ஆனா விளக்கு எரியேக்க அவனை வடிவு பார்க்க விட்டாளே. அது அவன்ர நாள். அதை அவ எடுத்துப்போட்டா. நானெண்டா மன்னிக்க மாட்டன். நீங்க என்ன சொல்லுறீங்க? சரி, நீங்க கதைக்கக் கூடாது. ஒரு ஹார்ட் போடுங்கோ."

மேரிசாந்தி அதை ஒரு தரம்தான் கேட்டாள். இன்னொரு தரம் கேட்கத் தேவையிருக்கவில்லை. மேனர் பார்க் வந்ததும் மணியை அடித்துவிட்டு இறங்கினாள்.

"ஒண்டும் போடாதை. போனை நிப்பாட்டி வை, தம்பி," என்று றொஜனுக்கு எழுதினாள். எட்வேட்டுக்கு எழுதவில்லை. எழுதினால் அவர் வேண்டாம் என்பார், அவளும் கேட்டுவிடுவாள். இருபது வருடமாக அப்படித்தான். ஸ்டேஷனுக்குள் ஓடி, வீடு இருக்கும் குட்மேய்ஸ் பக்கம் போகும் ரயிலில் ஏறினாள். உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை.

பெனிற்றா சமையலறை மேசையில் உயிரியல் குறிப்புகளை விரித்துவைத்து இருந்தாள். தடித்த புத்தகம் மூடியபடி ஓரத்தில் கிடந்தது. "ஷிப்ட் இல்லையா?" என்று கேட்டாள்.

மேரிசாந்தி பையை இறக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றவும் இல்லை. நாலே நாலு சொல்லு என்று இவள் சொன்னாளே, அதைத் தேடினாள். கடைசியில் மூன்றே போதுமாக இருந்தது.

"பிள்ளை, சித்தி இல்லை."

பெனிற்றா தாயின் முகத்தை வாசித்தாள். பிறகு, "எப்ப?" என்றாள்.

"இண்டைக்கு முப்பத்தோராம் நாள்."

பெனிற்றா போனை எடுத்து மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். கட்டைவிரல்கள், சிரிக்கிற முகங்கள், இதயங்கள் எல்லாம் வரிசையாகப் போயின. ஒரு இதயத்தில் நிறுத்தினாள். "இது?"

"றொஜன்."

"ஆர் போடச் சொன்னது?"

"நான்."

"அப்ப நான் சொன்னதெல்லாம் நீங்க கேட்டனீங்களா?"

"ஓம்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும். குளிக்கிற தொட்டிக் கதையும்."

பெனிற்றாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத் தொடங்கி வேறு எதுவாகவோ முடிந்தது. மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. மேரிசாந்தி கையை நீட்டினாள். பெனிற்றா தோளை விலக்கினாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் குறிப்புத் தாள்களை ஒரு பக்கமாக அடுக்கினாள். கண்ணீர் பட்டு நனையக் கூடாது என்ற கவலை அந்த நேரத்திலும் அவளுக்கு இருந்தது. தாய்மாருக்கு வெட்கம் கிடையாது.

"ஏழு மணிக்குப் பூசை," என்றாள். "நீ வராமல் நடக்கக் கூடாதெண்டுதான் திரும்பி வந்தனான். வாறியோ?"

பெனிற்றா எழும்பிச் சப்பாத்தைப் போட்டாள்.

ரயிலில் அவள் தாய்க்குப் பக்கத்தில் இருக்கவில்லை, எதிரே இருந்தாள். ஃபாரஸ்ட் கேட் வரும் வரைக்கும் ஜன்னலைத்தான் பார்த்தாள். கறுத்த சட்டை பையிலேயே கிடந்தது. மாற்ற நேரமில்லை.

கோயில் வாசலில் எட்வேட் நின்றார். மகளைக் கண்டதும் முகம் செத்துப்போனது.

"சாந்தி, என்ன வேலை செய்துபோட்டீர்! நாளைக்குப் பேப்பர். ஒரு நாள் பொறுக்க ஏலாமல் போச்சே உமக்கு?"

பதில் சொன்னது பெனிற்றா.

"பேப்பர் நாளைக்கு எழுதுவன், அப்பா. நாளைக்குப் பூசை இருக்கோ?"

எட்வேட் கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

உள்ளே பூசை தொடங்கியிருந்தது. நுழைந்ததும் தலைகள் திரும்பின. மரியநாயகி பாட்டை நிறுத்திவிட்டாள். நாற்பது முகங்களும் பெனிற்றாவைப் பார்த்தன, நாற்பது முகங்களிலும் ஒரே குற்ற உணர்வு தெரிந்தது. பெனிற்றா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"எல்லாருக்கும் தெரியும்," என்றாள் மெல்ல. கேள்வியாகக் கேட்கவில்லை.

கடைசி வரிசையில் இருந்தார்கள், நடுவில் ஒரு ஆள் இருக்கும் அளவு இடைவெளி விட்டு. பீடத்துக்கு முன்னால் மெற்றில்டாவின் படம் இருந்தது. பள்ளிக்கூட விழாவில் எடுத்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் ஒரு மெழுகுதிரி. பாதர் பெயரை வாசித்தார். மன்னாரைச் சேர்ந்த மரியதாஸ் மெற்றில்டா.

அந்தப் பெயரைக் கேட்டதும் மேரிசாந்திக்குள் ஏதோ கழன்றது. முப்பத்தொரு நாளாக மறைக்க ஆள் இருந்தது, மறைக்கும் வேலை இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. அவள் அழத் தொடங்கினாள். அடக்கமாக இல்லை, வாய்விட்டு, வெட்கமில்லாமல், தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

இடைவெளியில் அசைவு தெரிந்தது. பெனிற்றா நகர்ந்து வந்து, தோள் முட்டும் தூரத்தில் இருந்தாள். அவள் கண்கள் மெழுகுதிரியில்தான் இருந்தன.

"மெரினுக்கு நான் ஒரு ஸ்டார்தான் போட்டனான், அம்மா," என்றாள். அவள் குரலும் உடைந்துதான் இருந்தது. "உங்களுக்கு எத்தினை எண்டு இன்னும் யோசிக்கேல்லை."

மேரிசாந்தி தலையாட்டினாள். யோசிக்கட்டும். திரி எரிந்துகொண்டிருந்தது, பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது யாருக்காக எரிகிறது என்று தெரிந்து.